வாய் உடையாத கல்

என்னைப் பார்த்து யாரும் எனக்கு வேலை கொடுத்ததில்லை. அந்த அம்மாவும் என் மாட்டைப் பார்த்துத்தான் கொடுத்தார். அரியலூர் ரயிலடிக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு நான் தூங்கிக்கொண்டிருந்தேன். மாடு விழித்திருந்தது. வைக்கோல் நிறத் தலைமுடியும், முதுகில் ஒரு பையும், இடுப்பில் ஒரு சுத்தியலுமாக ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து மாட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்ததில் வண்டி ஆடி, நான் எழுந்தேன்.

"இந்த மாடு கல் சுமக்குமா?" என்று கேட்டார். ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல அவ்வளவு சுத்தமான தமிழ். அவர்கள் ஊரிலேயே புத்தகம் வைத்துப் படித்ததாம்.

"மாடு சுமக்கும்ங்க. நான்தான் சுமக்க மாட்டேன்."

சிரித்தார். அதோடு வேலை நிச்சயமானது.

எண்பதுகளின் தொடக்கம் அது. அப்போது அரியலூரும் பெரம்பலூரும் திருச்சி ஜில்லாவில் தாலுகாக்கள். பனி கொட்டும் ஏதோ ஒரு தேசத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து, எங்கள் ஓடைகளில் கிடக்கும் கல்லை ஆராய்ச்சி செய்ய வந்திருந்தார் அந்த அம்மா. ஊரில் எல்லோருக்கும் அவர் தொரசாணி. இந்தப் பக்கம் முழுக்க ஒரு காலத்தில் கடலாக இருந்ததாகவும், அந்தக் கடலின் நத்தையும் சிப்பியும்தான் கல்லாகிக் கிடப்பதாகவும் அவர் சொன்னபோது நான் சுற்றிலும் பார்த்தேன். சித்திரை வெயிலில் காரைச் செடிகூடக் கருகிக் கிடந்தது.

"ஏங்கம்மா, அவ்வளவு பெரிய கடல எடுத்துட்டுப் போனவங்க, நல்ல தண்ணிக் கெணறு ஒண்ணாவது வுட்டுட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்றேன். அதை அவர் தன் ஊர் மொழியில் எழுதிக்கொண்டார். எனக்கு எழுத்து என்றால் கையெழுத்து மட்டும்தான், அதுவும் பக்கத்தில் யாரும் அவசரப்படுத்தாமல் இருந்தால். இதையும் நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். கெட்ட வார்த்தை வந்தால் அவளாகவே விட்டுவிடுகிறாள்.

கல்லங்குறிச்சி ரோட்டில் ஓட்டு வீடு ஒன்றை அந்த அம்மா வாடகைக்குப் பிடித்திருந்தார். எங்கள் தெரு அங்கிருந்து கூப்பிடு தூரம். சமையல் தெரியுமா என்று என்னைக் கேட்டார். தெரியும் என்றேன். எனக்குச் சாப்பிடத் தெரியும், மீதி அடுப்பு பார்த்துக்கொள்ளும் என்பது என் கணக்கு. முதல் நாள் எவ்வளவு நேரம் கொதித்தும் அரிசி அரிசியாகவே இருந்தது. அந்த அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லாமல் மென்றார். மறுநாள் என் பொண்டாட்டி வந்து பானையைத் திறந்து பார்த்தாள்.

"யோவ், அது கல்லு பொறுக்க வந்த பொம்பளதான். அதுக்காகக் கல்லையே ஆக்கிப் போடுவியா?"

அன்றிலிருந்து அடுப்படி அவளிடம் போனது. எனக்கு விறகு பிளப்பதும் வண்டி ஓட்டுவதும் மிஞ்சியது. அதிலும் வழி மாட்டுக்குத் தெரியும். நான் பாட்டுப் பாடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அந்த அம்மா வேலை செய்த விதத்தைச் சொல்லவேண்டும். கிழக்கு வெளுக்கும்போதே பால் ஊற்றாத காப்பி ஒரு டம்ளர். வெயில் ஏறுவதற்குள் ஓடையில் இறங்கிவிடுவார். தரையோடு தரையாகக் குனிந்து நடப்பதைப் பார்த்தால் மூக்குத்தியைத் தொலைத்துவிட்டுத் தேடுவதுபோல இருக்கும். உச்சிவெயிலில் வீடு திரும்பிச் சாப்பாடு, ஒரு தூக்கம். சாயங்காலம் முற்றத்தில் கல்லைப் பரப்பி, பல் தேய்க்கும் பிரஷால் ஒவ்வொன்றாகக் கழுவுவார். என் பல்லை நான் அந்த அளவு அக்கறையோடு தேய்த்திருந்தால் இந்நேரம் முறுக்கு கடித்துக்கொண்டிருப்பேன். நானும் கல் பொறுக்கிக் கொடுத்திருக்கிறேன். ஆசை ஆசையாக நான் கொண்டுவந்ததில் பாதி ஆட்டுப் புழுக்கை, காய்ந்து கெட்டியானது. அதையும் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, "இது சமீப காலத்தைச் சேர்ந்தது" என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

சில வாரம் பஸ் ஏறி பெரம்பலூர்ப் பக்கம் காரை என்கிற ஊருக்குப் போவோம். அங்கே செம்மண் பள்ளங்களில் நிழல் என்பதே கிடையாது. நான் வண்டி இல்லாத வண்டிக்காரனாகச் சாக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பேன். பஸ்ஸில் அந்த அம்மாவுக்கு இடம் விட ஆள் எழுந்தால் உட்கார மாட்டார். பக்கத்தில் நிற்கிற கர்ப்பிணியையோ கூடைக்காரியையோ உட்காரவைப்பார். நான் உட்கார்ந்துவிடுவேன்.

ஆனால் நான் வாயைப் பிளந்து பார்த்தது அவர் வேலையை அல்ல, அவருடைய ஞாயிற்றுக்கிழமையை. சனிக்கிழமை சாயங்காலம் சுத்தியலும் உளியும் பிரஷும் பெட்டிக்குள் போய்விடும். திங்கள் விடிகிறவரை அந்தப் பெட்டியைத் திறக்க மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிணற்றடியில் நல்ல சிப்பிக்கல் ஒன்று கிடைத்து நான் தலைதெறிக்க ஓடினேன். அந்த அம்மா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "நாளை காட்டுங்கள்" என்றார். கண் மட்டும் அந்தக் கல்லின் மேலேயே இருந்தது.

எங்களுக்கு வேலை இல்லாத நாள் உண்டு, லீவு நாள் கிடையாது. வேலை இல்லாத நாளில் பயந்துகொண்டு படுத்திருப்போம். சும்மா இருப்பதற்கென்று ஒரு கிழமையை ஒதுக்கி, அதை வேலையைப்போலவே ஒழுங்காகச் செய்கிற ஒருவரை அப்போதுதான் பார்த்தேன். காலையில் என் பொண்டாட்டியோடு கிணற்றடியில் சீயக்காய் தேய்த்துக் குளியல். பிறகு கயிற்றுக்கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு ஊருக்கு எழுதுவார். பொழுது சாய்ந்தால் வாயில் வைத்து ஊதுகிற மவுத்தார்கன். அவர்கள் ஊர்ப் பாட்டு எல்லாமே யாரோ ரயிலைத் தவறவிட்டதுபோல இருக்கும். டூரிங் டாக்கீஸில் பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்து, பாதி வசனம் புரியாமலே முந்தானை இல்லாத குறைக்குச் சட்டைக் கையில் கண்ணைத் துடைத்துக்கொள்வார். எங்கள் தெருப் பெண்கள் தரையில் கரியால் கோடு போட்டு ஆடுபுலி ஆடும்போது அவரையும் இழுத்துக்கொண்டார்கள். ஆராய்ச்சி படித்த அம்மா புலியை வைத்துக்கொண்டு ஆட்டிடம் தோற்பார். தோற்றுவிட்டு, "இன்னும் ஒரு முறை, அக்கா" என்பார்.

ஒரு ஞாயிறு எங்கள் இருவரையும் சாத்தனூர்க் கல்மரத்தைப் பார்க்கக் கூட்டிப்போனார். பிறந்ததிலிருந்து பக்கத்திலேயே இருந்தும் நாங்கள் பார்த்ததில்லை. மரமே கல்லாகித் தரையில் நீட்டிக் கிடந்தது. நிழல் தராத மரத்தைப் பார்க்க பஸ் டிக்கெட் எடுத்தவர்கள் நாங்களாகத்தான் இருக்கும் என்றேன். அந்த அம்மா அதன் பக்கத்தில் புளிசோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, அதைத் தொடாமல், அளக்காமல், சும்மா பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். அப்படிச் சும்மா பார்க்க எனக்கு இன்னும் வரவில்லை.

இதெல்லாம் இருந்தும் அவருக்கு ஒரு கவலை இருந்தது. அவர் தேடியது ஒரு வகை நத்தை. ஆட்டுக்கடாக் கொம்புபோலச் சுருண்டு சுருண்டு போகும். சின்னது உள்ளங்கையில் அடங்கும், பெரியது வண்டிச் சக்கரத்தின் குடம் அளவுக்கு இருக்கும். சுருளின் கடைசியில் அதன் வாய். அந்த வாயின் ஓரம் எப்படி முடிகிறது என்று தெரிந்தால்தான் அது இதுவரை யாரும் சொல்லாத வகை என்று அவரால் எழுத முடியும். இரண்டு வருஷமாகக் கிடைத்ததெல்லாம் வாய் உடைந்தது. முற்றத்தில் வாய் உடைந்த நத்தைகள் குவிந்து கிடந்தன. ஆடி பிறப்பதற்குள் அவர் ஊருக்குத் திரும்பியாக வேண்டும். அதற்கு மேல் இருக்க அனுமதி இல்லை. முழு வாயோடு ஒன்று கிடைக்காவிட்டால் இரண்டு வருஷ உழைப்பும் அரைகுறையாகப் போய்விடும் என்று என் பொண்டாட்டியிடம் சொல்லி ஒருநாள் அழுதிருக்கிறார்.

"வாய் ஒடையாததுதான் வேணும்னா எம் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போங்கம்மா" என்று நான் சொன்னதற்கு அந்த அம்மா சிரித்தார். பொண்டாட்டி சிரிக்கவில்லை. அன்றைக்குக் குழம்பில் எனக்குக் காய் விழவில்லை.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை, பொழுது இறங்குகிற நேரம், எங்கள் தெருவுக்குப் பின்னால் ஆடு மேய்கிற ஓடைக்கரையில் அதைப் பார்த்தார். கரை சரிந்து, ஒரு பெரிய சுருள் மண்ணிலிருந்து பாதி எழுந்து படுத்திருந்தது. கட்டிப்பிடித்தால்தான் கைக்குள் அடங்கும். அந்த அம்மா எங்களைக் கூப்பிடக்கூட இல்லை. கல்லில் கீறல் விழக்கூடாதென்று பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மண்டி போட்டார். குடத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். பிரஷால் மண்ணை எடுத்தார். சுருள் சுருளாகப் பளபளவென்று வெளியே வந்தது. கடைசிச் சுருள் மட்டும் வளைந்து மண்ணுக்குள் போயிருந்தது. வாய் கீழே இருந்தது. முழுதா, உடைந்ததா, தெரியாது. தோண்டி எடுக்க வெளிச்சம் போதாது. அடுத்த நாள் ஞாயிறு. வெயிலில் வெடித்துவிடாமல் ஈர வெள்ளைத்துணியால் அதைப் போர்த்தி, அங்கே இருந்த ஒரே மரம் வேம்பு என்பதால் அதில் கொப்பு ஒடித்து மேலே நிழலாக வைத்தார். எழுந்து, ஒரு நிமிஷம் கையைக் கோத்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றார்.

இதையெல்லாம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த எங்கள் தெருப் பெண்கள் கரை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் திருமழபாடிக்குப் போனோம். கொள்ளிடத்தில் அங்கங்கே பள்ளத்தில் மட்டும் தண்ணீர். அந்த அம்மா அதிலேயே மல்லாக்க மிதந்தார். மனசு முழுக்க அந்தக் கல்லில் இருந்தும் அதைப்பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. நான் கரையில் உட்கார்ந்து, இந்தப் பொம்பளைக்கு நெஞ்சு என்ன கருங்கல்லா என்று யோசித்தேன். நானாக இருந்தால் ராத்திரியே கடப்பாரையோடு போயிருப்பேன், கல்லையும் உடைத்திருப்பேன். மத்தியானத்துக்கு மேல் வடக்கே இருட்டிக்கொண்டு வந்து, பல மாசமாகப் பார்க்காத மழை கொட்டியது. நனைந்துகொண்டே பஸ் ஏறி வந்தோம்.

திங்கட்கிழமை விடிந்ததும் ஓடைக்குப் போனால், கல் மஞ்சள் பூசிக் குளித்திருந்தது. குங்குமம் வைத்து, செவ்வரளி மாலை போட்டு, நாலு பக்கமும் கம்பு நட்டு வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். மூன்று கல் வைத்துப் பொங்கல் பொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவே அங்கே இருந்தது.

தெருவின் நாட்டாமை எனக்குப் பங்காளி முறை. அவர் எங்களைப் பார்த்ததும் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அந்த அம்மாவைக் கும்பிட்டார்.

"தாயி, ஒங்க கையாலதான் நாகாத்தா வெளிய வந்தா. செருப்பக் கழட்டி, தண்ணி ஊத்தி, வேப்பல சாத்தி, கும்புட்டும் புட்டீங்க. மறுநாளே மழ. இத்தன நாளு இங்கதான் படுத்துக் கெடந்திருக்கா, எங்களுக்குத்தான் கண்ணு தெரியல."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் மாட்டைப் பார்த்தேன். தெரிந்தவர்கள் யாராவது பேசினால் நல்லது என்று தோன்றியது.

மெதுவாக, தன் சுத்தத் தமிழில், அது கடல் நத்தை என்றும் எதற்காக அது வேண்டும் என்றும் அந்த அம்மா சொன்னார். அவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். பாம்புபோல் சுருண்ட கல், கழுவிய மறுநாள் மழை. இதற்கு முன்னால் கடல் கதை எடுபடவில்லை. பொங்கலை முதலில் அவருக்குத்தான் இலையில் வைத்துக் கொடுத்தார்கள். சாப்பிட்டார். கண் கலங்கியிருந்தது, புகையில் என்று சொல்லிக்கொண்டார்.

சேதி கேட்டு ஊர்ப் பண்ணைக்காரர் மோட்டார் சைக்கிளில் அந்த அம்மாவின் வீட்டுக்கே வந்தார். எங்கள் தெரு முழுக்க அவர் வயலில்தான் வேலை செய்தது. நான் விறகு அடுக்குவதுபோல நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கவர்மெண்ட் அனுமதிக் கடுதாசி கையில் இருக்க இவ்வளவு யோசனை எதற்கு என்று கேட்டார்.

"நம்ம ஆளுங்கள வுட்டு வண்டியில ஏத்திடலாம்மா. அதுங்க என்ன பண்ணிடப் போவுது. ரெண்டு நாளு அழும், அப்புறம் நடவுக்கு வந்துரும்."

அந்த அம்மா அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "வேண்டாம், ஐயா. அது அவர்கள் வீட்டுப் பின்புறத்தில் இருக்கிறது. நான் கேட்டுப் பார்க்கிறேன்."

கடுதாசி இருந்தும் கேட்கிறேன் என்று சொன்ன ஒருவரை எங்கள் பக்கத்தில் நான் அதுவரை கண்டதில்லை. விறகு காலில் விழுந்தது, அந்த வலிகூடத் தெரியவில்லை.

கேட்டார். தெரு இரண்டாகப் பிரிந்து பேசியது. கொடுத்துவிடலாம், மழை கொடுத்த தாயி கேட்கிறாள் என்றார்கள் பாதிப்பேர். சாமியைப் பிளேனில் ஏற்றுவதா என்றார்கள் மீதிப்பேர். கடைசியில் என் பொண்டாட்டிதான், நாம் ஏன் அடித்துக்கொள்ளவேண்டும், நாகாத்தாளிடமே பூ கேட்டுவிடலாம் என்றாள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரேமாதிரி இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்கவேண்டும். வெள்ளை வந்தால் நாகாத்தா தொரசாணியோடு போகிறாள், சிவப்பு வந்தால் இங்கேயே இருக்கிறாள். வழக்கமாகச் சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். நாட்டாமை, தாயியே எடுக்கட்டும், அதுக்கும் சூது தெரியாது என்றார்.

என் பொண்டாட்டி திரும்பி உட்கார்ந்து பொட்டலம் மடித்தாள். நந்தியாவட்டை எதில் என்று எனக்கு ஒரு சாடை காட்டினால் போதும், நான் இருமி அந்த அம்மாவுக்குக் காட்டியிருப்பேன். தொண்டையைக்கூடச் செருமித் தயார் பண்ணிக்கொண்டேன். அவள் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை. இரண்டு பொட்டலத்தையும் ஒரே நாரில், ஒரே முடிச்சாகக் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு உருட்டிப் போட்டாள்.

அந்த அம்மா கற்பூரத்தைத் தாண்டிக் கையை நீட்டி, வலப்பக்கம் கிடந்ததை எடுத்துப் பிரித்தார். உள்ளே செவ்வரளி.

தெருவில் ஒருவரும் கைதட்டவில்லை. ஜெயித்தவர்கள் எல்லோரும் தோற்றதுபோல நின்றோம்.

"சரி," என்றார் அந்த அம்மா. அவ்வளவுதான். பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். இன்னொரு முறை எடுக்கலாமா என்று கேட்கவில்லை. ஆடுபுலியில்கூட இன்னொரு முறை கேட்கிற அம்மா அது.

அதற்குப் பிறகு ஒன்றை மட்டும் கேட்டார்: கல் இங்கேயே இருக்கட்டும், அதன் வாயை மட்டும் பார்க்க முடியுமா. கொஞ்சம் தூக்கினால் போதும். நாட்டாமை தலையைச் சொறிந்தார். உட்கார்ந்த சாமியைக் காரணமில்லாமல் கிளப்பக்கூடாது என்றார். காரணமில்லாமல் என்று அவர் சொன்னதை என் பொண்டாட்டி பிடித்துக்கொண்டாள்.

"ஊருச் சாமியெல்லாம் எதுக்குத் தேர் ஏறுது? வீதி சுத்தத்தான. அந்தத் தேரு என்னைக்காவது நம்ம தெருவுக்குள்ள வந்திருக்கா? முக்குலயே திரும்பிடும், நாம அங்க நின்னு கும்புட்டுட்டு வருவோம். நம்ம சாமி நம்ம வூட்டு வாசலுக்கு வரட்டுமே."

தேர் முக்கில் திரும்புவதை நாங்கள் எல்லோரும் பார்த்து வளர்ந்தவர்கள். அதை வாய்விட்டுச் சொன்னது அவள்தான். நாட்டாமை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தேருக்கு எங்கே போவது என்று கேட்டார்.

எல்லோரும் என் வண்டியைப் பார்த்தார்கள். மாடும் என்னைப் பார்த்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்று முடிவானது. தூக்கும்போது கல் விண்டுபோகாமல் இருக்க, அந்த அம்மா மேல்பாகத்தில் ஈரக் காகிதம் ஒட்டி, எலும்பு முறிந்தால் ஆஸ்பத்திரியில் போடுவார்களே, அந்த வெள்ளை மாவைக் கரைத்து, சாக்குத் துண்டுகளை அதில் தோய்த்துக் கட்டுப் போட்டார். மாவு கரைத்தது எங்கள் கல்யாண அண்டாவில். பெரிய கோயில் சாமிக்கு வெள்ளிக் கவசம் சாத்துவதுபோல நம் நாகாத்தாளுக்கும் கவசம் என்று பெண்கள் சொல்லிக்கொண்டார்கள். இறுகியதும் அதைக் கழற்றினால் உள்பக்கம் சுருள் சுருளாக அச்சு விழுந்திருக்கும். அதை அந்த அம்மா ஊருக்கு எடுத்துப்போகலாம் என்று நாட்டாமையே சொன்னார். சாமி உடுத்திக் கழற்றியது பிரசாதம் மாதிரியாம்.

மேல்பாகம் ஆயிற்று. வாய் கீழே அல்லவா. வண்டியில் பலகை மேல் வைத்தால் அது மறைந்துபோகும். அந்த அம்மா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, நடுப்பலகைகளைக் கழற்றலாமா என்று கேட்டார். என் அப்பன் காலத்து வண்டி அது. பொண்டாட்டி அதற்குள் சுத்தியலால் ஆணியைத் தட்டிவிட்டாள். இரண்டு பனங்கட்டையைக் குறுக்கே போட்டு, அதன் மேல் இருக்கிறமாதிரி கல்லை எழுப்பிக் கட்டினோம். ஆண்கள் எல்லோரும் வடம் பிடித்துத் தூக்கினார்கள். நான் மாட்டைப் பிடித்துக்கொள்ளும் முக்கியமான வேலையை எடுத்துக்கொண்டேன்.

கவசத்தைக் கழற்றி, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, மாலை சாத்தி, பறை அடிக்க வண்டி தெருவுக்குள் நுழைந்தது. ஒவ்வொரு வாசலிலும் சாணம் தெளித்துக் கோலம் போட்டு, தேங்காய், கற்பூரத்தோடு நின்றார்கள். தங்கள் வாசலில் சாமி வந்து நிற்பது அவர்களுக்கு முதல் தடவை. எப்படி நிற்பது என்று தெரியாமல் சிலர் கையைக் கட்டினார்கள், சிலர் விழுந்தார்கள். முதல் வீட்டில் வண்டி நின்றதும் அந்த அம்மா ஒரு டார்ச் லைட்டோடு வண்டிக்கு அடியில் புகுந்து மல்லாக்கப் படுத்துவிட்டார்.

மேலே தீபாராதனை. கீழே ஆராய்ச்சி.

வாயில் ஒட்டியிருந்த மண் கல்லோடு கல்லாக இறுகியிருந்தது. அதை ஊசியும் பிரஷும் வைத்து எள்ளளவு எள்ளளவாக எடுக்கவேண்டும். கற்பூரம் அணைந்து வண்டி கிளம்பும்போது வெளியே உருண்டு வருவார், கூட நடப்பார், அடுத்த வாசலில் மறுபடி உள்ளே. மேலே ஊற்றுகிற மஞ்சள் தண்ணீரும் இளநீரும் அவர் முகத்தில் ஒழுகியது. துடைத்துக்கொண்டு அடுத்த ஊசி. மாட்டின் பின்கால் அவர் காது ஓரத்தில் இருந்தது. எனக்குத்தான் பயம். மாடு தன் பிறவியில் அன்றைக்கு ஒருநாள்தான் ஈ உட்கார்ந்தும் காலை உதறாமல் நின்றது.

போகப்போகப் பெண்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒவ்வொரு வாசலிலும் தீபாராதனை நீண்டது. ஒருமுறை காட்டவேண்டிய கற்பூரத்தை மூன்று முறை காட்டினார்கள். ஒருத்தி தேங்காயை உடைக்காமல் மஞ்சள் தடவிக்கொண்டே இருந்தாள். குனிந்து, "ஆச்சா தாயி?" என்று கேட்டுவிட்டு, "இன்னும் இல்லை" என்று பதில் வந்தால் இன்னொரு கற்பூரத்தைத் தட்டில் வைத்தார்கள்.

அப்படியும் தெரு முடிந்துவிட்டது. கடைசி வீடு எங்களுடையது. அங்கேயும் மண் முழுதாக வரவில்லை. நாட்டாமை, ஒரு சுற்று ஆனது, இறக்கிவிடலாம் என்றார். பறை அடித்தவர்கள் கை ஓய்ந்து நின்றார்கள்.

"ஒரு சுத்தோட எந்தச் சாமி எறங்கியிருக்கு?" என்றாள் என் பொண்டாட்டி. "மூணு சுத்து சுத்தணும். யோவ், மாட்டத் திருப்பு."

அப்படி ஒரு சாத்திரம் எங்கேயும் கிடையாது. இருந்தும் நாட்டாமை துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார். நான் மாட்டைத் திருப்பினேன். பறை மறுபடி எழுந்தது. முதல் வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே அணைத்த விளக்கைத் திரும்ப ஏற்றிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

இரண்டாம் சுற்றில், தெருவின் பாதியில், வெளிச்சம் மங்க ஆரம்பித்த நேரம், வண்டிக்கு அடியிலிருந்து சத்தமே வரவில்லை. பறைக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். நான் குனிந்து பார்த்தேன். அந்த அம்மா பிரஷை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு, டார்ச்சை மேலே பிடித்தபடி படுத்திருந்தார். டார்ச் வெளிச்சத்தில், கல்லின் கடைசிச் சுருள், புடவைக் கொசுவம்போல மெல்லிசாக விரிந்து, ஓரம் ஒரு இடத்தில்கூட விட்டுப்போகாமல் வளைந்து முடிந்திருந்தது. நத்தைக்கு அவ்வளவு அழகான உதடு இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

"முழுதாக இருக்கிறது," என்றார், என்னிடம் அல்ல. அப்புறம் என்னைப் பார்த்து, நான் முதல்முறையாக அவர் வாயில் கேட்ட எங்கள் ஊர்த் தமிழில் சொன்னார்: "ஒடையல. ஒடையவே இல்ல."

பெண்கள் குலவை போட்டார்கள். தெரு முழுக்கக் குலவை. போட்டோ எடுக்கவும் அளக்கவும் வரையவும் அவருக்கு இன்னும் ரொம்ப நேரம் வேண்டியிருந்தது. ஆளுக்கொரு அரிக்கேன் விளக்கைக் கொண்டுவந்து வண்டிக்கு அடியில் வைத்துவிட்டு, சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். மூன்றாவது சுற்றைப்பற்றி யாரும் கேட்கவில்லை.

கல் இல்லாமல், அச்சும் படமும் மட்டும் கொண்டுபோனால் அவருடைய ஊர்ப் பெரியவர்கள் ஒப்புக்கொள்வார்களா என்று பொண்டாட்டி அவரிடம் கேட்டிருக்கிறாள். தெரியாது என்றாராம். அவர்கள் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றதற்கு, வந்து பார்க்கட்டும், வெள்ளிக்கிழமை வந்தால் நல்லது என்றாராம்.

அந்த அம்மா ஊருக்குப் போன பிறகு அந்த ஆராய்ச்சி என்ன ஆனது என்று எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது. அப்புறம் ஒரு வருஷம் தலை நரைத்த வெள்ளைக்காரர் இருவர், அரியலூர் ஸ்டேஷனில் இறங்கி, நாகாத்தா கோயிலுக்கு வழி கேட்டுக்கொண்டு எங்கள் தெருவுக்குள் வந்தார்கள். கோயில் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றினார்கள். பழையபடி வாய் கீழாக உட்காரவைத்திருந்த கல்லுக்குப் பக்கத்தில் மண்டி போட்டுக் குனிந்து, தலையைத் தரையில் வைத்து, வாயைப் பார்க்க முயற்சி செய்தார்கள். நாட்டாமை அவர்களுக்கு விபூதி பூசிவிட்டு, என் வண்டியை எடுத்துவரச் சொன்னார்.